விரலி மஞ்சள் போன தூரம்

மஞ்சள் மண்டியில் வியாபாரி விரலியைக் கையில் எடுத்ததும் செய்கிற முதல் வேலை, அதை ஒடித்துப் பார்ப்பதுதான். பதமாக வெந்து நன்றாகக் காய்ந்த விரலி ‘டக்’கென்று முறியும். முறிந்த இடத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சள் ஓரம் முதல் நடுவரை ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் வெளிறியிருந்தால் விலை இறங்கும். வைகாசி, ஆனியில் நட்டு, தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயப்போட்டு, டிரம்மில் உருட்டி மெருகேற்றிய உழைப்பெல்லாம் அந்த ஒரு முறிவில் வெளிப்பட்டுவிடும். வியாபாரி கண் வைக்கும் அந்த நிறத்தின் பெயர் குர்குமின். அது சமையலறையைத் தாண்டி, உலகின் பெரிய புற்றுநோய் ஆய்வுக்கூடங்கள்வரை போய்வந்த கதைதான் இது.

நூறு கிராம் மஞ்சள்பொடியில் குர்குமின் ஏறத்தாழ மூன்று கிராம். மற்றது மாவுச்சத்து, நார், மணம் தரும் எண்ணெய். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சாறு எடுக்கும் ஆலைக்காரர்களுக்கு ஆலப்புழை மஞ்சள் மேல் தனி ஆசை, அதில் குர்குமின் கூடுதல். அரைத்த மஞ்சளைக் கரைப்பானில் ஊறவைத்து, பிசின்போன்ற சாறாக்கி, அதிலிருந்து படிகமாகப் பிரித்தெடுத்தால் 95 விழுக்காடு தூய பொடி கைக்கு வரும். மஞ்சளிலிருந்து இந்த நிறப்பொருளை முதன்முதலில் பிரித்துக் காட்டியவர்கள் வோகலும் பெல்த்தியேவும், 1815-இல். மூலக்கூறின் அமைப்பைப் போலந்து வேதியியலாளர்கள் மூவர் 1910-இல் கண்டறிந்தார்கள். கடையில் குர்குமின் என்று விற்கும் பொடி உண்மையில் மூன்று உடன்பிறப்புகளின் கலவை. முக்கால் பங்குக்கு மேல் மூத்தது, ஆறில் ஒரு பங்கு அளவுக்கு இரண்டாவது, நூற்றுக்கு மூன்று அளவில் கடைக்குட்டி. கடைக்குட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சளை இங்கேயே நிறுத்திவிட்டு 1976-ஆம் ஆண்டின் டொராண்டோவுக்குப் போக வேண்டும். அங்கே ருடால்ஃப் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இருவர் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களை வைத்துக்கொண்டு ஒரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செல்களைக் கோல்ச்சிசின் என்ற நஞ்சுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கியிருந்தார்கள். பழகிய செல்கள் கோல்ச்சிசினுக்கு மட்டும் அசையாமல் நிற்கவில்லை. அதுவரை முகம்கூடப் பார்த்திராத வேறு பல மருந்துகளுக்கும் அசையவில்லை. செல்லின் சவ்வில் ஒரு பெரிய புரதம் மிகுந்திருப்பதை இருவரும் கண்டார்கள். மருந்து உள்ளே ஊடுருவுவதை அது மாற்றுகிறது என்று கருதி அதற்குப் பி-கிளைக்கோபுரதம் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு பம்ப் என்பது பிறகு தெளிவானது. மழைக்காலத்தில் தாழ்வான வீட்டுக்குள் புகும் தண்ணீரை வாளி வாளியாக வாசலுக்கு வெளியே கொட்டுவதுபோல, சவ்வுக்குள் நுழைந்த மருந்து நிலைகொள்வதற்கு முன்பே அது வெளியே தள்ளிவிடுகிறது. அதற்கான ஆற்றலைச் செல் தன் கையிருப்பிலிருந்தே செலவழிக்கிறது.

கோல்ச்சிசின் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தலில் படரவிட்டு விதைக்காகப் பயிரிடும் செங்காந்தளில் இருப்பது அதுதான். கண்வலிக் கிழங்கு என்று ஊரில் சொல்வார்கள்; அந்தக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பம்ப் வெளியே தள்ளும் மற்ற மருந்துகளின் பட்டியலைப் பார்த்தால் அதுவும் ஒரு தோட்டம்போலவே இருக்கிறது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் நித்தியகல்யாணி தந்தவை. பாக்லிடாக்சல் அமெரிக்க மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. டாக்சோரூபிசின் மட்டும் மண்ணில் வாழும் நுண்ணுயிரின் கொடை. கீமோ என்று நாம் நடுங்கும் சிகிச்சையில் ஒரு பகுதி, செடிகள் தங்களைத் தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராகச் செய்துவைத்த நஞ்சு.

அப்படியானால் பம்ப் புற்றுநோய்க்காகப் பிறந்தது இல்லை. குடலின் உட்சுவரிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் கருவைக் காக்கும் நஞ்சுக்கொடியிலும் அது எப்போதும் வேலையில் இருக்கிறது. இலை, காய், விதை என்று எதைத் தின்றாலும் கூடவே வரும் நஞ்சைத் திருப்பியனுப்பும் வேலை அது. ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் ஷிங்கெலின் குழு இந்தப் பம்ப் இல்லாத எலிகளை உருவாக்கியது. எலிகள் பார்ப்பதற்கு நலமாகவே இருந்தன. ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் பூச்சித்தொல்லை வந்ததால் வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து, பம்ப் இல்லாத எலிகளில் பலவற்றைக் கொன்றுவிட்டது. மருந்து தடையின்றி மூளைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. 1994-இல் இது வெளியானபோது, புற்றுநோய் மருத்துவர்கள் எதிரியாகப் பார்த்த பம்ப், உடம்பின் மிகப் பழைய காவல் என்பது எல்லாருக்கும் உறைத்தது. குடலிலும் சிறுநீரகத்திலும் பிறக்கும் கட்டிகள் சில, மருந்தைக் காண்பதற்கு முன்பே ஏன் முரண்டு பிடிக்கின்றன என்பதற்கும் இது ஒரு விளக்கம். பிறந்த வீட்டிலேயே பம்ப் இருக்கிறது. சில ரத்தப் புற்றுகளில் முதல் சுற்று மருந்துக்கு மடிந்தவை போக, எஞ்சியவை பம்பைப் பெருக்கிக்கொண்டு திரும்பி வருகின்றன. மருந்தெதிர்ப்புக்கு வேறு வழிகளும் உண்டு: அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டிக்கொள்வது, சாகச் சொல்லும் சைகையைச் செவிமடுக்காமல் இருப்பது, மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்வது. ஆனால் மஞ்சளின் கதை பெரும்பாலும் பம்போடு பிணைந்தது.

பம்பை அடைத்துவிட்டால் என்ன? ஜப்பானில் தகாஷி சுரூவோ 1981-இல் அதைச் செய்து காட்டினார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் வெராபமிலை வின்கிரிஸ்டினோடு சேர்த்தபோது மசியாத ரத்தப்புற்றுச் செல்கள் மசிந்தன. மருத்துவ உலகம் துள்ளியது. ஆனால் நோயாளியின் உடம்பில் பம்பை அடைக்கும் அளவுக்கு வெராபமில் ஏற்றினால் இதயம் தாங்கவில்லை. அடுத்து வந்த வால்ஸ்போடார், டாரிகிடார் போன்றவை இன்னும் கூர்மையானவை. அவையும் பெரிய சோதனைகளில் சறுக்கின. கட்டியில் பம்பை நிறுத்தும் மருந்து குடலிலும் கல்லீரலிலும்கூட நிறுத்துமே. கீமோ மருந்து வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கி நோயாளியையே வாட்டியது. இந்தத் தோல்விகளின் நடுவேதான் ஆய்வாளர்கள் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தின்று பழகிய பொருளாக இருந்தால் ஆளைக் கொல்லாது அல்லவா? நியாயமான எண்ணம்தான். கொல்லாது என்பதும் வேலை செய்யும் என்பதும் ஒன்றா என்ற கேள்வி மட்டும் அன்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் மஞ்சளுக்கு ஏற்கெனவே உலகப் புகழ் வந்திருந்தது. புண் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் வாங்கிய அமெரிக்கக் காப்புரிமையை, இந்தியாவின் சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளைக் காட்டி 1997-இல் ரத்து செய்ய வைத்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் பரத் அகர்வால், அழற்சியையும் புற்றையும் இணைக்கும் ஒரு முக்கியப் புரதத்தைக் குர்குமின் அடக்குகிறது என்று தொடர்ந்து எழுதி அதை நட்சத்திரமாக்கினார். அந்தப் புகழின் அடித்தளம் பிறகு ஆட்டம் கண்டது. அவருடைய கட்டுரைகளில் உள்ள படங்களின் நம்பகத்தன்மை குறித்துக் கேள்விகள் எழுந்தன; 2016-இல் ஒரே இதழ் ஏழு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது; திரும்பப் பெற்றவற்றின் மொத்த எண்ணிக்கை பின்னர் இருபதைத் தாண்டியது. குர்குமினைப் பற்றிய எல்லா ஆய்வும் பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் அவற்றை மேற்கோள் காட்டி எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றை நம்பி விற்ற மாத்திரைகள் எத்தனை என்று யோசித்தால் தலை சுற்றும்.

பம்பின் கதையில் முக்கியமான நிறுத்தம் ஹூஸ்டன் அல்ல, தாய்லாந்தின் சியாங் மாய். அங்கே போர்ன்காம் லிம்த்ராகுலின் குழு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் சுரேஷ் அம்புட்கரோடு சேர்ந்து, வின்பிளாஸ்டினுக்குப் பழகிய கேபி-வி1 என்ற செல் வரிசையில் குர்குமினைச் சோதித்தது. கேபி என்பது வாய்ப்புற்று நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது என்று நெடுநாள் நம்பியிருந்தார்கள். உண்மையில் அது 1951-இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸின் செல்தான். கூடத்துக்குக் கூடம் பரவி, பெயர் மாறி, எங்கெங்கோ உட்கார்ந்திருந்தது.

இந்தச் சோதனையை அருகில் நின்று பார்த்தால் அழகாக இருக்கும். பச்சையாக ஒளிரும் ரோடமின் என்ற சாயத்தைச் செல்களுக்குக் கொடுக்கிறார்கள். பம்ப் இல்லாத செல் சாயத்தை உள்ளே வைத்துக்கொண்டு பளிச்சென்று ஒளிரும். பம்ப் உள்ள செல் சாயத்தைத் துப்பிவிட்டு இருண்டுகிடக்கும். குர்குமினைச் சேர்த்தால் இருண்ட செல்லும் ஒளிரத் தொடங்கும், பம்ப் நின்றுவிட்டது என்று பொருள். இதில் ஒரு சங்கடம் உண்டு. குர்குமினும் தானாகவே பச்சை ஒளி வீசக்கூடியது. ஒளிர்வது சாயமா, மஞ்சளா என்று பிரித்தறியாத ஆய்வாளர் எளிதில் ஏமாந்துபோவார். சியாங் மாய்க் குழு இந்த ஒளியை மட்டும் நம்பி நிற்கவில்லை. கதிரியக்கக் குறியிட்ட ஒரு மூலக்கூறு பம்பில் ஒட்டுவதைக் குர்குமின் தடுக்கிறதா என்றும் பார்த்தார்கள், தடுத்தது. 2002-இல் வந்த அந்தக் கட்டுரையின்படி, குர்குமின் பம்பின் வேலையைக் குறைத்தது, பம்ப் உற்பத்தியாகும் அளவையும் குறைத்தது. அடுத்த ஆய்வில் மூன்று உடன்பிறப்புகளையும் தனித்தனியே வைத்துப் பார்த்தபோது, பம்பின் உற்பத்தியைக் குறைப்பதில் கெட்டிக்காரன் நூற்றுக்கு மூன்று பங்கே இருக்கும் அந்தக் கடைக்குட்டிதான். பொடியில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்ட மூத்தது அல்ல.

செல் வளர்க்கும் தட்டில் வென்றாயிற்று. இனி வாய்வழியே உள்ளே போக வேண்டும். இந்தப் பயணத்தின் கடினமான பகுதி ஈரோட்டிலிருந்து டொராண்டோவுக்கோ சியாங் மாய்க்கோ போகும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அல்ல. குடலின் உட்சுவரிலிருந்து ரத்தக்குழாய்வரை உள்ள, மில்லிமீட்டரில் ஒரு பங்கே ஆகும் தூரம்.

குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் கரைந்து குடலைத் தொட்டாலும் அங்குள்ள செல்களும் கல்லீரலும் அதன் மேல் சர்க்கரையையும் கந்தகத்தையும் ஒட்டி வேறொரு பொருளாக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன. தப்பியது ரத்தம்வரை வந்தாலும் அங்கே நிலைத்திருப்பதில்லை. புரதம் கலக்காத, ரத்தத்தின் காரத்தன்மையுள்ள கரைசலில் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துபோகிறது. தைவானில் 2001-இல் வெளியான சோதனையில் நோயாளிகளுக்கு நாளுக்கு 8 கிராம்வரை கொடுத்துப் பார்த்தார்கள். 12 கிராமாக உயர்த்தியபோது, விழுங்க வேண்டிய மாத்திரைகளின் குவியலைப் பார்த்தே நோயாளிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஹூஸ்டனில் கணையப் புற்றுநோயாளிகளுக்கு அதே 8 கிராம் கொடுத்த சோதனையில் ரத்தத்தில் தென்பட்டது ஒரு மில்லிலிட்டருக்கு 22 முதல் 41 நானோகிராம். சியாங் மாய்த் தட்டில் பம்பின் உற்பத்தியைக் குறைத்த 10 மைக்ரோமோலார் என்பது ஏறத்தாழ 3,700 நானோகிராம். குறைந்தது தொண்ணூறு மடங்கு இடைவெளி. 8 கிராம் குர்குமினை மஞ்சள்பொடியிலிருந்தே பெறுவதாக இருந்தால் நாளொன்றுக்குக் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டால் புற்று வராது என்று காலையில் வந்துசேரும் வாட்ஸ்அப் செய்தியைப் படிக்கும்போது இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில் மிளகு நுழைகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் வெளிவந்த ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் கிடைத்த அளவு இருபது மடங்கு கூடியது. குர்குமின் மாத்திரைப் புட்டியில் இன்று ‘மிளகுச் சாறு சேர்த்தது’ என்று எழுதியிருப்பதற்கு மூலம் இதுதான். மிளகில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிப்பரின் என்று வைத்தால் 20 மில்லிகிராமுக்கு எட்டு மிளகு போதும். ஒரு தம்ளர் ரசத்தில் இருக்கும். இருபது மடங்கு என்றால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் மிளகில்லாதபோது ரத்தத்தில் இருந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவு. அதை இருபதால் பெருக்கியதுதான் இது.

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது பழமொழி. நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2002-இல் கண்டது கிட்டத்தட்ட நேர்மாறு. குடல் செல்களில் அதே பி-கிளைக்கோபுரதப் பம்பையும், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் முக்கியமான நொதியையும் பிப்பரின் மட்டுப்படுத்துகிறது. நஞ்சு வந்தால் விரட்டும் காவலைத்தான் மிளகு தளர்த்துகிறது. குர்குமினுக்குக் கதவு திறந்தது, அதன் மேல் சர்க்கரை ஒட்டும் வேலையையும் மிளகு தடுத்ததால் என்று கருதுகிறார்கள். கூடவே நோயாளி சாப்பிடும் மற்ற மாத்திரைகளுக்கும் கதவு திறந்துவிடும் என்பதைப் புட்டியில் யாரும் எழுதுவதில்லை.

சில இடங்களில் மஞ்சள் மருந்துக்குத் துணையாக நிற்காமல் குறுக்கே நின்றது. வடக்குக் கரோலினாவில் 2002-இல் மார்பகப் புற்றுச் செல்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வில், சில கீமோ மருந்துகள் புற்றுச் செல்லைக் கொல்லும் வழியையே குர்குமின் தணித்துவிட்டது. ராட்டர்டாமில் 2019-இல் மார்பகப் புற்றுக்குத் தமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு நாளுக்கு மூன்று வேளை குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். தமாக்ஸிஃபென் உடம்பில் மாறி உண்மையான மருந்தாகும் எண்டாக்ஸிஃபென் அளவு சுமார் எட்டு விழுக்காடு குறைந்தது. பிப்பரினும் சேர்ந்தபோது பன்னிரண்டு. எண் சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் சிலருக்கு அது பலன் தரும் அளவுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவுகளும் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உண்டு. சமையலில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சாற்றோடு கிராம் கணக்கில் விழுங்கும் மாத்திரை வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு ஒழுங்கு தெரிகிறது. பிரான்சில் புரோஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு டோசிடாக்சலோடு நாளுக்கு 6 கிராம் குர்குமின் வாய்வழியே கொடுத்தார்கள். டோசிடாக்சல் பம்ப் வெளியே தள்ளும் மருந்து. குர்குமின் பம்பை அடக்குமானால் இங்கே பலன் தெரிந்திருக்க வேண்டும். போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனை, பலன் தென்படாமல் பாதியில் நின்றது. ஆர்மீனியாவின் யெரெவானில் பரவிய மார்பகப் புற்றுள்ள 150 பெண்களில் ஒரு பகுதியினருக்குக் குர்குமினை வாய்வழியே கொடுக்காமல் நரம்பு வழியே ஏற்றினார்கள், வாரம் 300 மில்லிகிராம், பாக்லிடாக்சலோடு சேர்த்து 12 வாரம். 2020-இல் வந்த முடிவில், கட்டி சுருங்கியவர்கள் குர்குமின் பெற்ற பிரிவில் 51 விழுக்காடு, போலி மருந்து பெற்ற பிரிவில் 33. குடலையும் கல்லீரலின் முதல் வடிகட்டலையும் தாண்டிப் போனபோதுதான் மஞ்சள் ஏதோ செய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. பம்ப் அடங்கியதாலா, வேறு காரணத்தாலா என்பதை இந்த எண் சொல்லாது. கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு.

மூன்றாவது சோதனை இந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறது. இங்கிலாந்தின் லெஸ்டரில் பரவிய பெருங்குடல் புற்றுள்ள 28 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கீமோ மட்டும், மற்றதற்குக் கீமோவோடு நாளுக்கு 2 கிராம் குர்குமின் வாய்வழியே கொடுத்தார்கள். நடுமட்ட ஆயுள் முதல் பிரிவில் 200 நாள், இரண்டாவதில் 502. அங்கே கொடுத்த ஆக்சாலிபிளாட்டின், ஃபுளூரோயூரசில் இரண்டும் அந்தப் பம்ப் தள்ளும் மருந்துகள் அல்ல. ஆகவே பம்பை வைத்து இதை விளக்க முடியாது. பெருங்குடலில் உறிஞ்சப்படாத குர்குமின் நேரடியாகத் தொட்டுக்கொண்டே போகும் என்று ஒரு வாதம் உண்டு. கட்டி வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டவர்களிடம் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விஷயம். போலி மாத்திரை இல்லாத, 28 பேரை வைத்த சோதனையில் தற்செயலும் பெரிய வேலை செய்யும்.

நரம்பு வழியே ஏற்றுவது ஆய்வுக்கூட ஒழுங்கை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. கலிபோர்னியாவில் 2017-இல், புற்றுநோய் இல்லாத இளம்பெண் ஒருவர் இயற்கை மருத்துவரிடம் குர்குமின் ஏற்றிக்கொண்டு இறந்தார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் குப்பியைப் பரிசோதித்தபோது, லேபிளில் எழுதியிருந்ததில் மிகச் சிறு பங்கே அதில் குர்குமின் இருந்தது. கரைக்கப் பயன்படுத்திய ஆமணக்கெண்ணெய்ச் சேர்மம்தான் நிறைய இருந்தது.

மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் சகாக்களும் 2017-இல் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் கணக்கில் எடுத்து எழுதிய ஆய்வுரை, குர்குமினை மருந்துக்கு உதவாத மூலக்கூறு என்றே சொன்னது. நிலைக்காது, கரையாது, எதைத் தொட்டாலும் எதிர்வினை காட்டுவதுபோல் போக்குக்காட்டி ஆய்வாளரை ஏமாற்றும். யெரெவானுக்கு முன்பு எழுதியது என்றாலும் அதன் முக்கிய வாதம் இன்றும் அசையவில்லை. அதை ஏற்பவர்களில் ஒரு பகுதியினர் குர்குமினைக் கைவிடவில்லை, மாற்றத் தொடங்கினார்கள். மூலக்கூறின் இரண்டு முனைகளையும் இணைக்கும் நடுப்பாலம்தான் ரத்தத்தில் முதலில் உடைவது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அந்தப் பாலத்தையே வேறு வடிவில் கட்டி இஎஃப்24 என்ற ஒன்றைச் செய்தார்கள். தட்டிலும் எலியிலும் அது குர்குமினைவிட வலுவானது. மஞ்சளால் புண் ஆற்றும் பழைய வழக்கத்தின் மீது யாரும் உரிமை கோர முடியாது என்று 1997-இல் முடிவாகிவிட்டது. மாற்றிக் கட்டிய மூலக்கூறின் மீது கோரலாம், ஆகவே அதற்குச் சோதனைப் பணம் திரட்டுவதும் எளிது. ஆனாலும் அந்த வரிசையில் வந்த எதுவும் இதுவரை புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை. கேபி-வி1 செல்கள் இன்னும் பல கூடங்களில் வளர்கின்றன. அவற்றின் மேல் இப்போது மஞ்சள் மட்டுமல்ல, இஞ்சி, கருஞ்சீரகம், திராட்சைத் தோல் என்று அடுப்பங்கரையின் மற்ற டப்பாக்களும் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன.